பச்சைப் பாக்கெட்டும் மெர்லிமாவ் வேனும்

வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகு, கோயிலுக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றைத்தான். "இப்ப எல்லாத்தையும் கம்ப்யூட்டரே வரைஞ்சிடுதாமே? நல்லவேளை, நீங்க தப்பிச்சீங்க லா!" ஏதோ எரிகிற வீட்டிலிருந்து ஓடி வந்தவளிடம் பேசுகிற மாதிரி. முதலில் சிரித்து வைத்தேன். பிறகு எரிச்சல் வந்தது. போன மாதம் என் பழைய ஸ்டூடியோவின் வாட்ஸ்அப் குழுவிலும் சின்னவர்கள் இதையே கொஞ்சம் பயத்தோடு பேசிக்கொண்டிருந்துவிட்டு, "ஆன்ட்டி, உங்க அனுபவத்த எழுதுங்க" என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள். புத்திமதி சொல்ல எனக்கு வராது. நடந்ததைச் சொல்ல வரும், அதுவும் கொஞ்சம் கூட்டிச் சொல்ல வரும். கூட்டாமல் சொல்லப் பார்க்கிறேன்.

நான் செய்தது பாக்கெட் வடிவமைக்கும் வேலை. நீங்கள் பிரித்துத் தின்றுவிட்டுக் குப்பையில் போடுகிற உறை, பெட்டி, டின், லேபிள் எல்லாம் என் போன்றவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டு செய்தவை. என் உழைப்பில் பாதி குப்பைக்குப் போய்விட்டது. மீதிப் பாதியில் உங்கள் வீட்டு ஊசியும் நூலும் இருக்கும், பிஸ்கட் டின்னைத் திறந்து பாருங்கள்.

அலோர் காஜா பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, கோலாலம்பூரில் ஓவியமும் அச்சும் படித்து, மலாக்கா டவுனில் ஒரு அச்சகத்தில் கத்தரியும் பசையுமாகச் சில வருடம் கழித்தேன். அங்கே கம்ப்யூட்டர் வந்து இறங்கிய அன்று, "இனி நமக்கு வேலை இல்ல" என்று எல்லோரும் அழாத குறை. வேலை போகவில்லை, இரண்டு மடங்காகி இடுப்பு ஒடிந்தது. அப்புறம் ஆயர் குரோவில் மேடம் லிம் நடத்திய ஸ்டூடியோவுக்கு வந்து சேர்ந்தேன். கீழே டயர் கடை, மேலே நாங்கள். ஓய்வு பெறும் வரை அங்கேதான்.

மேடம் லிம் என்னைவிட கொஞ்சம்தான் மூத்தவர். ஒல்லியான சீன அம்மா. சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. 'நன்றாக இருக்கிறது', 'நன்றாக இல்லை' என்ற இரண்டையும் அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. நாம் வரைந்ததை வாங்கி, சின்னச் சமையலறையில் தண்ணீர் வடிகட்டிக்கு மேலே உள்ள சுவரில் ஒட்டிவிடுவார். அவ்வளவுதான். தண்ணீர் குடிக்க வருகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்ப்பார்கள். பார்த்துப் பார்த்து யாருக்காவது அலுத்துவிட்டால் அது போச்சு. அலுக்காமல் தாக்குப்பிடித்தால் அதற்கு அட்டையில் மாதிரி செய்து, உள்ளே அரிசியைப் போட்டு ஒட்டி, அலோர் காஜாவில் அவருக்குத் தெரிந்த ஒரு மளிகைக் கடைக்கு எடுத்துப்போவோம். அங்கே மற்ற பாக்கெட்டுகளுக்கு நடுவே அதை வைத்துவிட்டு, மேடம் கடையின் அந்தக் கோடியில் போய் வெங்காயம் பொறுக்குகிற மாதிரி நிற்பார். அங்கிருந்து கண்ணுக்குப் படுகிறதா என்பதுதான் பரீட்சை. உண்மையாகவே வெங்காயம் வாங்கியும் விடுவார். எங்கள் ஸ்டூடியோவில் வெங்காயத்துக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

நான் சேர்ந்த புதிதில் கிச்சாப் என்கிற சோயா சாஸ் பாட்டில் ஒன்றுக்கு லேபிள் போட்டேன். பூவும் கொடியுமாக அவ்வளவு அழகு. எனக்கே என்மேல் திருஷ்டி பட்டுவிடும் போலிருந்தது. மேடம் அதைப் பாட்டிலில் ஒட்டச் சொன்னார். பிறகு கிண்ணத்தில் சமையல் எண்ணெய் ஊற்றி, "கையை முக்கு" என்றார். முக்கினேன். "இப்ப பாட்டில எடு." எடுத்தேன், வழுக்கியது. மறுபடி பிடித்தேன். என் பூவும் கொடியும் விரலோடு வந்துவிட்டன. மேடம் துணியைக் கொடுத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார். அன்று முழுக்க நான் அவரை மனதுக்குள் திட்டினேன். மறுநாள் லேபிளை, கை படாத கழுத்துப் பக்கம் கொண்டுபோனேன்.

இன்னொரு தடவை டோடோல் இனிப்புப் பெட்டிக்கு மலாக்கா மாட்டுவண்டி வரைந்தேன். டோடோல்காரர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இந்த மாடு சிரிக்குது" என்றார். மாடு எங்கேயாவது சிரிக்குமா என்று நான் சண்டைக்குப் போனேன். உற்றுப் பார்த்தால் சிரிக்கத்தான் செய்தது. மாற்றுகிறேன் என்று நான்கு விதமாக வரைந்தும் ஒவ்வொன்றும் முன்னதைவிட அதிகமாகச் சிரித்தது. கடைசியில் அவர் மகள் வந்து, "அந்த முதல் மாடே இருக்கட்டும்பா, பாவம்" என்றாள். சிரித்த மாட்டோடு அந்தப் பெட்டி இன்னும் விற்கிறது. விமான நிலையத்தில் அதைக் கையில் வைத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் காரணமில்லாமல் மார்பு நிமிரும்.

இதெல்லாம் சில்லறை. எங்களை உண்மையிலேயே அழவைத்தது ஹமீது பாயின் பச்சைப் பாக்கெட்.

ஹமீது பாய் டவுனில் மசாலா வியாபாரி. அவர் அப்பா காலத்திலிருந்தே அவர்கள் மசாலா பச்சைப் பாக்கெட்டில்தான் வரும். மீன் மசாலாவும் பச்சை, கோழி மசாலாவும் பச்சை. யாரும் கடையில் பேர் சொல்லிக் கேட்பதில்லை, "பச்சைப் பாக்கெட் ஒண்ணு" என்றுதான் கேட்பார்கள். அதனால் பச்சையில் கை வைக்கக் கூடாது என்பது பாயின் முதல் கட்டளை. இரண்டாவது, வாடிக்கையாளர்கள் மீனுக்கும் கோழிக்கும் மாற்றிப் போட்டுவிடுகிறார்கள், அதை நிறுத்தவேண்டும். அவரிடம் வாங்குகிற ஒரு வீட்டில் சம்பந்திக்கு விருந்து வைத்திருக்கிறார்கள். கோழிக்கறியில் மீன் மசாலா விழுந்துவிட்டது. "சம்பந்தியம்மா ஒரு வாய் வெச்சிட்டு, 'கோழி கடல்ல மேஞ்சுதா?'ன்னு கேட்டுட்டாங்களாம். அந்த வீட்டம்மா கடைக்கு வந்து என் முன்னாடி அழுவுது" என்றார் பாய். சொல்லும்போது அவருக்கே சிரிப்பு, ஆனால் கண்ணில் கவலை.

நாங்கள் மீன் என்ற எழுத்தைப் பாக்கெட்டின் தலையில் பெரிதாக்கினோம். பிறகு தலையில் சிவப்புப் பட்டை போட்டோம். பிறகு பட்டைக்குள் மீன் படம். எங்கள் தொழிலில் முக்கியமானதெல்லாம் மேலேதான் போகும். கடையில் பாக்கெட்டுகள் அட்டைப்பெட்டிக்குள் நிற்கும், அதன் விளிம்பு கீழ்ப்பாதியை மறைத்துவிடும் என்பதால். அலோர் காஜா கடையில் வைத்துப் பார்த்தோம். வெங்காய மூலையிலிருந்து பார்த்தாலும் எது மீன், எது கோழி என்று பளிச்சென்று தெரிந்தது. அச்சடித்தோம். புகார் நிற்கவே இல்லை. கடையில் சரியாக வாங்கிப் போகிறவர்கள் வீட்டில் எப்படி மாற்றிப் போடுகிறார்கள்? எங்கள் யாருக்கும் புரியவில்லை. நானோ மசாலா வாங்கிய கையோடு கண்ணாடிப் பாட்டிலில் கொட்டி, அழகாகப் பேர் எழுதி ஒட்டிவிடுகிறவள். என் வீட்டில் மசாலா மாறியதே இல்லை. பொம்பளைங்க பார்க்காம போடுறாங்க என்று நான் மீட்டிங்கில் சொன்னேன். 

அந்தச் சமயத்தில்தான் தர்ஷினி போன் செய்தாள். மெர்லிமாவ் ஊர்ப் பெண். டிசைன் படிக்கிறாள். மாணவர்கள் ஒரு ஸ்டூடியோவை நேரில் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமை காலை தனியாக வருகிறேன் என்றாள். மேடமும் சரி என்றார்.

சனிக்கிழமை காலை டயர் கடை முன்னால் ஒரு பள்ளி வேன் வந்து நின்றது. மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். முதலில் ஒரு பெண் இறங்கினாள், முகத்தில் தர்மசங்கடம். பின்னால் அவள் அப்பா இறங்கினார், சலவைச் சட்டை, நெற்றியில் விபூதி. அம்மா இறங்கினார், கையில் பழத்தட்டு. அத்தை இறங்கினார், கையில் வடைப் பாத்திரம். பிறகு ஒரு சித்தப்பா, ஒரு பெரியப்பா, வேனை ஓட்டி வந்த மாமா. நம் ஆட்கள் பெண் பார்க்கப் போவதுபோல டிசைன் ஸ்டூடியோவைப் பார்க்க வந்திருந்தார்கள். டயர் கடைப் பையன்கள் வேலையை நிறுத்திவிட்டு வழிவிட்டார்கள்.

"வணக்கம்கா. நான் முனியாண்டி, தர்ஷினியோட அப்பா. செம்பனைக் காய் ஏத்துற லோரி ஓட்றேன்" என்று என்னிடம் கும்பிட்டார் அப்பா. "எங்க தாமான்ல இருக்குற அத்தன வீட்டுலயும் வரையப் படிக்கிற ஒரே புள்ள இவதான். கொஞ்சம் பாத்துக்குங்க."

"ஆன்ட்டி, சாரி ஆன்ட்டி. நான் தனியாத்தான் வர்றதா இருந்தேன்" என்றாள் தர்ஷினி மெதுவாக.

மேடம் லிம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு எல்லோரையும் மீட்டிங் அறையில் உட்காரவைக்கச் சொன்னார். நாற்காலி போதவில்லை. பெரியப்பா அச்சுத்தாள் கட்டின்மேல் உட்கார்ந்தார். அத்தை வடையைச் சுற்றுக்கு விட்டார். வடை நன்றாக இருந்தது, அதை மறைக்கக் கூடாது.

நான் தர்ஷினியைச் சுற்றிக் காட்ட அழைத்துப் போனேன். கம்ப்யூட்டர்கள், நிறப் புத்தகங்கள், அரிசி போட்ட பொய்ப் பாக்கெட்டுகள். மரியாதையாகத் தலையாட்டினாள், கண் எதிலும் நிற்கவில்லை. சின்னச் சமையலறைக்கு வந்ததும் கதவைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"ஆன்ட்டி, உங்ககிட்ட சொல்லலாமா? நான் காலேஜ விட்டுறலாம்னு இருக்கேன். இத பாத்துட்டுப் போய் வீட்டுல சொல்லிறலாம்னு முடிவு பண்ணித்தான் வந்தேன்."

"ஏம்மா?"

"நான் ஒரு வாரமா உட்கார்ந்து ஒரு படம் போட்டேன். கூடப் படிக்கிறவ அதே மாதிரி வேணும்னு கம்ப்யூட்டர்ல எழுதுனா. நான் ஒரு கிளாஸ் தே ஓ குடிச்சு முடிக்கல, அது அஞ்சாறு போட்டுருச்சு. என்னோடதவிட நல்லா இருந்துச்சு ஆன்ட்டி. அப்பறம் நான் எதுக்கு? அக்கவுண்ட்ஸ் படிச்சா சும்மா ஒரு வேலையாச்சும் கெடைக்கும். ஆனா அப்பா ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்காரு. இப்ப பாருங்க, எல்லாரையும் ஏத்திக்கிட்டு வந்துட்டாரு. எப்படிச் சொல்றது?"

அவள் கண் கலங்கிவிட்டது. நான் ஏதாவது நம்பிக்கையாகச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவள் சொன்னது பொய்யில்லை, எங்கள் ஸ்டூடியோவிலும் அந்தக் கம்ப்யூட்டர் வித்தையைப் பார்த்து நானே வாயடைத்துப் போயிருந்தேன். அந்தப் பக்கம் அறையில் முனியாண்டி தன் மகள் மூன்று வயதில் சுவரில் வரைந்த யானையைப் பற்றி மேடமிடம் மலாயில் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.  "தண்ணி குடி" என்று மட்டும் சொன்னேன்.

அந்த நேரம் பார்த்து ஹமீது பாய் படியேறி வந்தார். புகாரோடுதான். இரண்டு கையிலும் பச்சைப் பாக்கெட். அறை நிறைய ஆளைப் பார்த்துவிட்டு, "என்ன, இங்க கல்யாணமா?" என்றார்.

மேடம் அவரிடம், இவர்கள் இருக்கலாமா, வெளியே அனுப்பவா என்று கேட்டார். "இருக்கட்டும் மேடம். இவங்கதான நம்ம கஸ்டமரு" என்று பாய் பாக்கெட்டுகளை மேசையில் வைத்தார்.

பிறகு நடந்ததை மீட்டிங் என்று சொல்ல முடியாது. சித்தப்பா பட்டையின் நிறம் சரியில்லை என்றார். பெரியப்பா எழுத்து சின்னது என்றார். வேன் மாமா, பச்சைக்குப் பதிலாக மஞ்சள் போட்டால் என்ன என்று கேட்க, பாய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அத்தை எதையும் பார்க்காமல், "ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு, உள்ள இருக்கறதுதான் முக்கியம்" என்றார்.

"வாசன பாக்கலாமா பாய்?" என்று கேட்டார் தர்ஷினியின் அம்மா செல்வி.

"தாராளமா பாருங்க!"

செல்வி மேசையிலிருந்த கத்தரியை எடுத்து மீன் மசாலாவின் தலையை நறுக்கினார். முகர்ந்தார். வெந்தயம் தூக்கல் என்றார். பாய் மல்லுக்கட்டினார். அத்தை கோழி மசாலாவை நறுக்கி, அதிலே சோம்பு போதாது என்றார். வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே செல்வியின் கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. பாக்கெட்டின் வாயை மடித்து, மடித்து, பாதிவரை சுருட்டி, கைப்பையிலிருந்து ஒரு ரப்பர் பேண்டை எடுத்து மாட்டி மேசைமேல் வைத்தார். அத்தையும் பேச்சை நிறுத்தாமல் அப்படியே செய்து பக்கத்தில் வைத்தார்.

கதவருகே நின்றிருந்த தர்ஷினி மேசையைப் பார்த்தாள். கிட்டே வந்தாள்.

"அம்மா, இதுல மீன் எது?"

செல்வி கையை நீட்டினார். கை நடுவழியில் நின்றது. இடது பக்கத்தை எடுத்தார், வைத்தார், வலது பக்கத்தை எடுத்தார். கடைசியில் ரப்பர் பேண்டைக் கழற்றி முகர்ந்து பார்த்தார். "இதுதான்... இரு, இது சோம்பு வாசன அடிக்குது."

அறையே சிரித்தது. மேடம் லிம் சிரிக்கவில்லை. அவர் தரையைப் பார்த்தார். நறுக்கி எறிந்த இரண்டு துண்டுகள் அங்கே கிடந்தன. எங்கள் சிவப்புப் பட்டை, எங்கள் பெரிய எழுத்தின் பாதி. மீதி, சுருட்டலுக்குள் போயிருந்தது. மேசைமேல் இரண்டு மொட்டைப் பச்சை. கடையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் அடுப்புப் பக்கம் போகவே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது, சந்தோஷத்தில்.

"அப்ப கீழ போட வேண்டியதுதான!" என்றார் பாய்.

"கீழ போட்டா கடையில பெட்டி மறைச்சிடும் பாய்" என்றேன் நான்.

தர்ஷினி யாரையும் கேட்காமல் என் மேசையிலிருந்து பென்சிலை எடுத்தாள். சுருட்டாத ஒரு மாதிரிப் பாக்கெட்டின்மேலேயே வரைந்தாள். மேலிருந்து கீழ்வரை நிமிர்ந்து நிற்கிற ஒரு மீன். தலை மேலே, வால் அடியில். இன்னொன்றில் நெடுநெடுவென்று ஒரு சேவல். கொண்டை மேலே, கால் அடியில். வரைந்து முடித்து, இரண்டையும் பாதிவரை சுருட்டி வைத்தாள். ஒன்றில் மீன்வால். ஒன்றில் கோழிக்கால். சேவலின் கால் கோணல்தான், மீனுக்கு ஒரு செதில்கூட இல்லை. ஆனால் அச்சுத்தாள் கட்டின்மேல் இருந்த பெரியப்பாவே, "அது மீன், இது கோழி" என்று கை காட்டினார்.

"யா அல்லாஹ், கோழிக்கால்!" என்று பாய் மேசையைத் தட்டினார். பச்சை பச்சையாகவே இருந்தது, அதுதான் அவருக்கு நிம்மதி.

எல்லோரும் மேடமைப் பார்த்தார்கள். முனியாண்டி இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் பதிலுக்குக் காத்திருக்கிற தோரணை. மேடம் அந்த இரண்டு பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு சின்னச் சமையலறைக்குப் போய், தண்ணீர் வடிகட்டிமேல் வைத்துவிட்டு வந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். பிறகு தன் நாற்காலியைத் தர்ஷினி பக்கம் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். இவள் பயிற்சிக்கு இங்கே வரட்டும் என்று எங்களிடமோ அவள் அப்பாவிடமோ சொல்லவில்லை. அவளிடம், "அவாக் சுக்கா?" என்று கேட்டார். இந்த வேலை உனக்குப் பிடித்திருக்கிறதா என்று.

"புடிக்கும் மேடம், ரொம்பப் புடிக்கும்" என்று முனியாண்டி முந்திக்கொண்டார். மேடம் கையை லேசாக உயர்த்தினார். 

தர்ஷினி அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அந்தச் சேவல் கால நான் சரியா போடல. திங்கக்கிழமை வந்து மறுபடி போடலாமா?" என்றாள்.

மேடம் தலையசைத்தார். அத்தை மீதி வடையை மேடமின் மேசையிலேயே வைத்துவிட்டார்.

வழியனுப்ப நான் கீழே இறங்கிப் போனேன். எல்லோரும் வேனில் ஏறிக்கொண்டிருந்தார்கள். தர்ஷினி மட்டும் கதவைப் பிடித்தபடி நின்றாள். முனியாண்டி அவள் பக்கத்தில். நான் நகர்ந்துகொள்ள நினைப்பதற்குள் அவள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"அப்பா, நான் இன்னிக்கு வேற ஒண்ணு சொல்லத்தான் வந்தேன். காலேஜ விட்டுறேன்னு..."

"தெரியும்மா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ வீட்டுல பென்சிலத் தொட்டு எவ்வளவு நாளாச்சு? லோரி ஓட்றவனுக்குக் கண்ணு இல்லையா? அதான் வேன் நெறைய ஆள ஏத்திக்கிட்டு வந்தேன். தனியா வந்திருந்தா தனியாவே முடிவு பண்ணிட்டுப் போயிருப்ப."

 மேலே அவர் யானைக் கதை சொன்னபோது இதெல்லாம் தெரிந்துதான் சொல்லியிருக்கிறார்.

தர்ஷினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நான் விட்டுறேன்னே சொல்லியிருந்தா?" என்று கேட்டாள்.

"எல்லாருமா சேந்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருப்போம்" என்றார் முனியாண்டி. "ஏறு, அத்தைக்குப் பசிக்குதாம்."